அம்மம்மாவுக்கு இடம் பார்த்தது

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் இந்தக் கதை வந்தால் உனக்கும் அழுகை வருகிறது, எனக்கும் வருகிறது. பிறகு சாப்பிட்டாயா, வேலை எப்படி என்று பேச்சு மாறிவிடுகிறது. எழுதினால் முழுவதும் சொல்லலாம். ஆறுதலாக இருந்து வாசி.

தை மாதம் அம்மம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த நாள் தொட்டு அவவைப் புரட்டுவது, துடைப்பது, இருத்திச் சோறு ஊட்டுவது எல்லாம் நான்தான். இப்போது என் முழங்காலுக்கும் ஒப்பரேஷன் நாள் குறித்துவிட்டார்கள். பாரம் தூக்கவே கூடாதாம். வீட்டோடு நிற்க ஆள் தேடினேன். ஒரு பிள்ளை இரண்டு கிழமை நின்றது, அடுத்தது ஒன்பதாம் நாள் போய்விட்டது. மாமாவோடும் கதைத்த பிறகுதான் முதியோர் இல்லம் பார்க்கத் தொடங்கினேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். வீடு மகளுக்குச் சீதனம், வயதுபோன தாய் அந்த மகளோடு. இந்த வீட்டை எனக்கு எழுதித் தந்தது அம்மம்மாதான். அவவை இந்தப் படலையால் வெளியே கொண்டுபோக நானே இடம் தேடுகிறேன் என்பது தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. ஊர்ச்சனம் கதைக்கட்டும். அவ நோகாமல் கிடக்கவேண்டும், எனக்கு அதுதான் வேண்டும்.

நீ அனுப்பிய படத்தில் இருந்த இடத்துக்குத்தான் முதலில் போனேன். போன் பண்ணி நேரம் கேட்டு, காலை பத்து மணிக்கு. மாபிள் நிலம், பூச்சாடி, ஏசி போட்ட ஒபிஸ். விறாந்தையில் ஏழெட்டு அம்மாமார் குளித்து, பவுடர் பூசி, வரிசையாகக் கதிரையில் இருந்தார்கள். எனக்கும் நல்லாத்தான் பட்டது. ஓட்டோவில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது: நான் பார்த்ததெல்லாம் எழுந்து இருக்கக்கூடியவர்களை. எங்கள் ஆளோ படுக்கையில் கிடப்பவ. படுக்கையில் கிடப்பவர்களை ஒருத்தரும் எனக்குக் காட்டவில்லை.

அப்புறம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் இரவு ஏழு மணிக்குப் போய், இன்னும் ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். உள்ளே பாதி லைட் அணைந்திருந்தது. சாப்பாடு ஐந்து மணிக்கே முடிந்துவிட்டதாம். இருபத்திரண்டு பேருக்கு ஒரே ஒரு பிள்ளை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவள் நின்ற இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தாள். மூலைக் கட்டிலில் ஒரு மனிசி என் கையைப் பிடித்து "தண்ணி" என்றா. போத்தல் யன்னல் திட்டில் இருந்தது, அவவுக்கு எட்டாத தூரத்தில். தலையைத் தூக்கிப் பிடித்துப் பருக்கினேன். இரண்டு கப்பை மூச்சு விடாமல் குடித்தா மகள். உதடு வெடித்துத் தோல் உரிந்து கிடந்தது.

கட்டில் காலில் ஒரு சீ.ஆர். கொப்பி தொங்கியது. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டிப் படுக்க வைத்தோம் என்று எழுதுகிற கொப்பி. படுக்கையில் கிடப்பவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மிஸ் எனக்குச் சொல்லித் தந்தவ, அதனால் எடுத்துப் பார்த்தேன். ஒரே பேனை, ஒரே கையெழுத்து. அன்றைய இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே சரி போட்டிருந்தது. அப்போது நேரம் ஏழேகால்.

அங்கே அம்மம்மாவை விட மாட்டேன். நீ எவ்வளவு காசு அனுப்பினாலும் விட மாட்டேன்.

இரண்டாவது இடத்தில் குளியலறைக்கு மூன்று படி இறங்கவேண்டும், பிடிக்க ஒரு கம்பிகூட இல்லை. அதோடு வந்துவிட்டேன்.

கனடாவில், உங்கள் ஒன்ராறியோவில் ஒவ்வொரு இல்லத்தின் பரிசோதனை அறிக்கையையும் வீட்டிலிருந்தே வாசிக்கலாம் என்று நீ சொன்னாய். எங்களுக்கு அந்த வசதி இல்லை. பிரதேச செயலகத்துக்குப் போய், முதியோர் அலுவல் பார்க்கிறவரிடம் கேட்டேன். 2000ஆம் ஆண்டு வந்த 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்படியான இடங்கள் பதிவு செய்திருக்கவேண்டும், அதைக் கேட்டுப் பாருங்கள் என்றார். பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று கைவிடக்கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறதாம். அதைக் கேட்டபோது நெஞ்சு ஒருக்கால் திக்கென்றது. பதிவு இருக்கத்தான் வேண்டும். ஆனால் மூலைக் கட்டிலுக்குத் தண்ணீர் எட்டுமா என்று அந்தக் கடதாசி சொல்லாது, போய்த்தான் பார்க்கவேண்டும்.

மூன்றாவது இடம் பழைய ஓட்டு வீடு. படத்தில் பார்த்தால் உனக்குப் பிடிக்காது. சுவரில் பெயின்ற் உரிந்திருக்கிறது, நிலம் வெறும் சீமெந்து. மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனேன். மீன் ஆணமும் முருங்கையிலைச் சுண்டலும் மணத்தது, மூத்திர வாடை இல்லை, பினைல் நெடியும் இல்லை. ஒரு பிள்ளை ஒரு அம்மாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி இருத்திக் குழைத்த சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாயும் விழுங்கி முடிந்ததா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. படுத்த வாக்கில் ஊட்டினால் புரைக்கேறி நெஞ்சுக்குள் போய் நியூமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும், அதை அவளுக்கு யாரோ ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

படுக்கைப்புண் பற்றிக் கேட்டேன். பொறுப்பாக இருக்கிற அம்மா என்னை ஒரு கட்டிலடிக்குக் கூட்டிப்போய், அதில் கிடந்தவவிடம் குனிந்து, "அம்மா, உங்கட காலை இவவுக்குக் காட்டட்டா?" என்று கேட்டா. அவ தலையாட்டின பிறகுதான் போர்வையை விலக்கினா. கெண்டைக்காலின் கீழே தலையணை, குதிக்கால் மெத்தையில் படாமல் தூக்கலாக இருந்தது. சிவந்த இடத்தை விரலால் அமத்திக் காட்டினா. வெளிறி, பிறகு சிவப்பு திரும்பி வந்தது. அமத்தியும் வெளிறாமல் சிவப்பு அப்படியே நின்றால் புண் தொடங்குகிறது என்று அர்த்தமாம். வாய் பேச முடியாத ஒரு மனிசியிடம் காலைத் தொட முன் சம்மதம் கேட்டது என் மனதில் அப்படியே நிற்கிறது.

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். இரவில் பதினான்கு பேருக்கு இரண்டு பேர்தான். ஜெனரேட்டர் இல்லை. பம்பர்ஸ், குளிசைக் காசு தனி. "கடைசியாக இரவில் யாருக்குச் சுகமில்லாமல் வந்தது, என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். எத்தனை மணிக்கு மூச்சு இழுத்தது, 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு எடுத்தது, போதனா வைத்தியசாலைக்கு யார் கூடப் போனது, கிளினிக் கொப்பியைக் கொடுத்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னா. "அப்படியெல்லாம் இங்கே நடக்காது" என்று சொல்லியிருந்தால் எழும்பி வந்திருப்பேன். எல்லாருக்கும் நித்திரைக் குளிசை கொடுக்கிறீர்களா என்றும் கேட்டேன். டொக்டர் எழுதின ஒரு ஆளுக்கு மட்டும் என்று துண்டைக் காட்டினா.

காசுக் கதைக்கு முன்னம் அவ என்னிடம் கேட்டது இது: அம்மம்மா எந்தப் பக்கம் சரிந்து படுப்பா, என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவா, தேத்தண்ணிக்குச் சீனியா சர்க்கரையா?

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா முடிந்து அடுத்த திங்கள் கொண்டுபோகிறோம். முதல் ஒரு மாதம் மட்டும் என்று கதைத்திருக்கிறேன், பிடிக்காவிட்டால் கூட்டி வந்துவிடுவேன். அவவிடமும் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை, என் முழங்காலைத் தடவிப் பார்த்தா.

உனக்கு ஒரு வேலை இருக்கிறது. உன் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை என்றால் இங்கே இரவு பத்து. கிழமையில் இரண்டு மூன்று நாள் அந்த நேரம் அங்கே வீடியோ கோல் எடு. ஒவ்வொரு கிழமையும் அதே நாட்களில் எடுக்காதே, நாளை மாற்றி மாற்றி எடு. அம்மம்மாவைக் காட்டச் சொல், எந்தப் பக்கம் சரிந்து கிடக்கிறா என்று பார், தண்ணீர்க் கப் எங்கே இருக்கிறது என்று பார். கோபமாகக் கதைக்காதே, அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லிவிட்டு வை. பகலில் மாமா போவார். கால் ஆறினதும் நான் போவேன்.

வெற்றிலை உரலைக் கொண்டுவரலாமாம், இடித்துக் கொடுப்பார்களாம். இன்றைக்குப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா