மறைந்த கடற்படை மாலுமிகளின் பணி ஆவணங்களைப் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முன்னாள் கடற்படை மாலுமிகள்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: 1971 போர்க்கால மாலுமிகளின் சான்றேடு, பதக்கம், புகைப்படங்களை ஸ்கேன் செய்து பாதுகாத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல், கொதிகலன் ஒன்றில் விரிசலோடுதான் வங்கக் கடலுக்குப் போனது. டிசம்பர் 4 அன்று அதன் சீ ஹாக் போர் விமானங்கள் அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. விமானிகளின் பெயர்கள் போர் வரலாற்றில் இருக்கின்றன. கொதிகலன் அறையில் நீராவி அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொண்ட ஸ்டோக்கர்களின் பெயர்கள் அநேகமாக இல்லை. கப்பலும் 1997இல் ஓய்வு பெற்று, 2014இல் உடைக்க விற்கப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பது அவரவர் வீட்டுக் கறுப்பு டிரங்குப் பெட்டிதான்.

கருமாதி முடிந்து வீட்டை ஒழிக்கும்போது அந்தப் பெட்டி பழைய இரும்புக்குப் போய்விடுகிறது. ஓய்வூதிய ஆணையை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். எந்தக் கப்பலில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று சொல்லும் பணிச் சான்றேடு குப்பையில் சேர்கிறது.

பத்திரப்படுத்துவதாக நினைத்துக் கெடுப்பதும் உண்டு. 1971 போருக்காக வழங்கப்பட்ட பூர்வி ஸ்டார், சங்கிராம் பதக்கங்களில் மாலுமியின் பணி எண்ணும் பதவியும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் முதலில் மழுங்குவது அந்த எழுத்துதான். பெயர் போனபின் அது யாருடைய பதக்கமோ. லேமினேஷன் செய்த சான்றேட்டைப் பிறகு பிரிக்க முடியாது. பசை ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்த்தால், பின்புறம் எழுதியிருந்த கப்பல் பெயரும் ஆண்டும் கிழிந்து போகும்.

ஆகவே, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மாதம் ஒரு நாள் ஸ்கேன் முகாம் நடத்த ஆணையிட வேண்டுகிறோம். ஒரு தட்டை ஸ்கேனர், ஒரு கணினி, ஓர் உதவியாளர் போதும். சான்றேட்டை 300 டி.பி.ஐ.யிலும் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), சிறிய படங்களை 600 டி.பி.ஐ.யிலும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் எடுக்க வேண்டும். துருப்பிடித்த குண்டூசிகளை முதலில் கழற்ற வேண்டும். பதக்கத்தைத் துடைக்காமல், எழுத்து தெரியும்படி சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்தால் போதும்.

மூல ஆவணங்களை எக்காரணம் கொண்டும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. குடும்ப ஓய்வூதியத்தில் சிக்கல் வந்தால் மனைவிக்கு அவை தேவைப்படும். இனிஷியலை விரித்து, அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கிய சான்றேடுகள் பல உண்டு; ஆதாரோடு பொருந்தாது. பதிவில் இரண்டு எழுத்துக்கூட்டலையும் அப்படியே குறிக்க வேண்டும், திருத்தக் கூடாது.

இறப்புத் தகவல் நல அலுவலகத்துக்கு வந்தவுடன், பெட்டியைப் போட்டுவிட வேண்டாம் என்று குடும்பத்துக்கு ஒரு கடிதம் போனாலே பாதி வேலை முடிந்துவிடும். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் நகல்களுக்கு ஒரு கண்ணாடிப் பேழை ஒதுக்க அருங்காட்சியகத் துறைக்குப் பரிந்துரைக்கவும் கேட்டுக்கொள்கிறோம். இடமில்லை என்றால் அது பிறகு ஆகட்டும். முகாம் தள்ளிப்போகக் கூடாது.

முகாமில் கப்பல் பெயர்களையும் பதவிச் சுருக்கங்களையும் படித்துச் சொல்ல நாங்கள் ஊதியமின்றி வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் கடற்படை மாலுமிகள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)