டிகாஷன் இறங்கும் நேரம்

மாட்டுங்கா, மும்பை
ஜூலை 14

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "திரும்ப வரையணும்போல இருக்கும்மா. ஆனா இங்க வரைய என்ன இருக்கு? ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுச் சுவர்" என்றாய். போனில் பதில் சொன்னால் அப்பா நடுவில் புகுந்து பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

உனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். பிப்ரவரியில் லாஃப்ட்டைச் சுத்தம் செய்தபோது உன் பெயின்ட் பெட்டி கிடைத்தது. எட்டாவதில் எலிமென்டரி டிராயிங் பரீட்சை எழுதினாயே, அப்போது வாங்கியது. அடுத்த வருஷம் அதற்கு மேல்படியான இன்டர்மீடியட் டிராயிங் பரீட்சையும் எழுதுகிறேன் என்று நீ கேட்டாய். பத்தாவது வருகிறது, படிக்கிற வழியைப் பார் என்று பெட்டியை மேலே ஏற்றியது நான்தான். உன்னை எழுத விட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷம் இதை உன்னிடம் சொன்னதில்லை.

ட்யூபெல்லாம் கல்லாகக் கிடந்தன. தூக்கிப்போட மனசு வரவில்லை. பிளேடால் கீறிப் பிரித்து, உள்ளிருந்த கட்டியில் ஈரப் பிரஷ்ஷை வைத்தேன். நீலம் இளகி இறங்கியது! வாட்டர்கலரைப் பிணைத்திருப்பது ஒருவகை வேலம்பிசின்தான். எத்தனை வருஷம் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் கரைந்து கொடுக்கிறது.

அன்றிலிருந்து தினமும் வரைகிறேன். காலையில் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிவிட்டு டிகாஷன் இறங்கக் காத்திருக்கிறோமே, அந்தப் பதினைந்து இருபது நிமிஷம்தான். இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கியிருந்தால் நாலு நாளில் விட்டிருப்பேன். இந்த வீட்டில் காபி நிற்காது, அதனால் இதுவும் நிற்கவில்லை.

என்ன வரைகிறேன் என்று கேட்பாய். எதிரில் இருக்கிற டபரா டம்ளரைத்தான். முதல் பதினாறு நாளும் அதேதான். 22க்கு 30 அங்குலம் ஃபுல் ஷீட் ஒன்று வாங்கி, நாலுக்கு நாலாக வெட்டினேன், 16 துண்டு வந்தது. 300 ஜிஎஸ்எம், நல்ல கெட்டித் தாள். தண்ணீர் பட்டாலும் அதிகம் சுருளாது. அழகான நோட்டு வாங்கினால் முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று பயம் வரும். துண்டுத் தாளில் அந்தப் பயம் இல்லை.

முதல் நாள் டம்ளரின் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடாக முடித்தேன். டம்ளர் மேஜைமேல் உட்காரவே இல்லை. மூன்றாம் நாள்தான் சரியாகப் பார்த்தேன். மேலிருந்து பார்க்கும்போது வாயைவிட அடி நன்றாக உருண்டு வளைகிறது. கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் விரிகிறது. குனிந்து விளிம்புக்குச் சமமாகக் கண்ணை வைத்தால் அதே வாய் ஒற்றைக் கோடாகிவிடுகிறது. முப்பத்தைந்து வருஷமாக அந்த டம்ளரில் காபி ஆற்றுகிறேன், பாப்பா. ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை.

அப்புறம் எவர்சில்வரின் நிறம். கருப்பில் தண்ணீர் விட்டுப் பூசினால் கரித்துணி மாதிரி இருக்கிறது. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பையும் கலந்து பார். நல்ல சாம்பல் கிடைக்கும். நீலம் தூக்கலாக இருந்தால் ஜன்னல் வெளிச்சம் விழுகிற பக்கம், பழுப்பு தூக்கலாக இருந்தால் மேஜை மரம் தெரிகிற பக்கம். மின்னுகிற இடத்துக்கு மட்டும் எதுவும் பூசாதே, தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவை. எங்கே தொடக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். எனக்கு இன்னும் கை அவசரப்பட்டு அங்கேயும் போய்விடுகிறது.

இப்போது அருவாமணை, தேங்காய் மூடி, முருங்கைக்காய்க் கட்டு வரைக்கும் வந்துவிட்டேன். சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைகளில் நின்று பென்சிலால் நாலு கோடு இழுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து வண்ணம் போடுகிறேன். உன் பரீட்சையில் மெமரி டிராயிங் என்று ஒரு பேப்பர் இருந்ததே, அதைத்தான் நான் இந்த வயதில் எழுதுகிறேன். மல்லிகையை எப்படிப் போட்டாலும் வரவில்லை. கூடைக்குள் இருக்கிற இருட்டைப் போட்டேன், மல்லிகை வந்து உட்கார்ந்தது.

மழைக்காலம்தான் பாடுபடுத்துகிறது. ஒரு பூச்சுப் போட்டால் சாம்பார் கொதித்து இறக்கும் வரைக்கும் காய்வதில்லை. பொறுமையில்லாமல் ஈரத்தின்மேல் பிரஷ்ஷை வைத்தால் ஓரமெல்லாம் காலிஃப்ளவர் மாதிரி பூத்துவிடுகிறது. பெட்டியை ஈரத்தோடு மூடி வைத்ததில் பூஞ்சணம் வேறு பிடித்தது. இப்போது நன்றாக உலர விட்டுத்தான் மூடுகிறேன்.

2018இல் நீ லீவில் வந்தபோது நவீன கலைக்கூடத்தில் ஓவியர் துரந்தரின் கண்காட்சிக்குப் போனோமே, ஞாபகமிருக்கிறதா? ஜே.ஜே. கலைக்கல்லூரியின் முதல் இந்திய இயக்குநர். அவ்வளவு பெரிய மனிதர் இந்த ஊர்த் தெருவில் போகிறவர்களைப் போஸ்ட்கார்டுக்கு வரைந்திருக்கிறார். அன்று நான் நகை போட்ட ராணிகளைத்தான் தேடித் தேடிப் பார்த்தேன். இப்போது போனால் அந்தத் தெருக்காரர்கள் முன்னால்தான் நிற்பேன்.

உன் எதிர்வீட்டுச் சுவர் செங்கல் சுவர் என்றுதானே சொன்னாய்? எல்லாச் செங்கலையும் வரையாதே. வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற இடத்தில் ஏழெட்டு போதும். டப்ளினில் இப்போது ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கிறதே, ஆபீஸ் விட்டு வந்தும் பார்க்கலாம். அதுவும் முடியாத நாளில் சிங்க்கில் கிடக்கிற கரண்டியை வரை. நன்றாக வரவில்லை என்றாலும் கிழிக்காதே, பின்பக்கம் தேதி போட்டு வை. என்னுடையதெல்லாம் பிஸ்கட் டப்பாவில் நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஒன்றுகூட உனக்கு அனுப்பியதில்லை, வெட்கமாக இருந்தது. இந்தக் கடிதத்தோடு மூன்று டம்ளர் வைத்திருக்கிறேன்.

பக்கத்து ஃப்ளாட் அக்காவின் மகன் அடுத்த மாதம் அங்கே வருகிறான். அவனிடம் 16 துண்டுத் தாளும், உன் அல்ட்ராமரின் கட்டியில் பாதியும், பர்ன்ட் சியன்னாவும் கொடுத்தனுப்புகிறேன். கிரிம்சன் மட்டும் கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும். கத்திரிக்காய் பாதியில் நிற்கிறது.

அன்புடன்
அம்மா