நடந்தவருக்கும் வந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தீர்கள்: 'தினமும் நடப்பவரை மறதி நோய் நெருங்காது.' பக்கத்திலேயே வெள்ளைக் காலணி போட்டுச் சிரித்தபடி நடக்கும் ஒரு முதிய தம்பதியின் படம். அந்தப் பக்கத்தை என் கணவர் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். படித்தாரா, படத்தை மட்டும் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு மறதி நோய் உறுதியாகி 4 ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு 28 ஆண்டுகள், மழை நாள் நீங்கலாக, ஒரு காலைகூட விடாமல் நடந்தவர் அவர்.

உங்கள் பத்திரிகை நெருங்காது என்று சொன்னால் நெருங்காதுதான். அப்படியானால் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பது என்ன என்பதையும் தயவுசெய்து நீங்களே சொல்லிவிடுங்கள்.

சேர்ந்து நடப்பதாகத்தான் பெயர். உண்மையில் அவர் 20 அடி முன்னால் போவார், நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போவேன். 'கொஞ்சம் மெதுவாகப் போனால் குறைந்தா போய்விடுவீர்கள்?' என்று அந்த முதுகைப் பார்த்து நான் கேட்காத நாள் இல்லை. ஒரு நாள் பார்க்கிறேன், நான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன், அவர் பின்னால் வருகிறார். என் நடை தேறிவிட்டது என்று எனக்குப் பெருமை. இரண்டு மாதம் அந்தப் பெருமையோடு நடந்தேன். பிறகு அவரிடம் இன்னொரு பழக்கம் வந்தது. வழியில் நான் ஏதாவது கேட்டால் நின்றுவிடுவார். நின்று, யோசித்து, பதில் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பார். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு என் பேச்சுக்கும் ஒரு மதிப்பு வந்துவிட்டது என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்காக இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. இரவில் அவர் எழுந்துவிடுவார் என்று விழித்திருக்கிறேன், விழித்திருக்கும் நேரத்தில் படிக்கிறேன். நான் படித்ததெல்லாம் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். சுவீடனில் முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேர் பேசுவதற்காக நின்றுவிட்டார்கள். அந்த 12 பேரில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் எங்காவது விழுந்தார்கள். 1997-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த செய்தி இது. நடப்பதற்கும் மூளையின் கவனம் வேண்டும், பதில் சொல்வதற்கும் வேண்டும். இருப்புக் குறைந்த மூளை ஒன்றை நிறுத்திவிட்டுத்தான் மற்றதைச் செய்கிறது. கனடாவில் நினைவு லேசாகக் குறைந்தவர்களை விலங்குகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே நடக்க வைத்தார்கள். அப்போது யாருடைய வேகம் வெகுவாகச் சரிந்ததோ, அவர்களுக்கே பிற்பாடு டிமென்ஷியா என்னும் இந்த மறதி நோய் அதிகம் வந்தது என்று 2017-இல் எழுதினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து இன்னொரு ஆய்வு: 175 முதியவர்களின் நடை வேகத்தை 14 ஆண்டுகள் அளந்து, பிறகு மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நடை அதிகமாகத் தளர்ந்தவர்களுக்கு வலப்பக்க ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருந்தது. நினைவுக்கும் வழி அறிவதற்கும் மூளைக்கு வேண்டிய பகுதி அது. ஒரு முழுப் பக்கக் கட்டுரையில் இவற்றில் ஒன்றுக்குக்கூட உங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. காலணிப் படத்துக்குக் கிடைத்தது.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. அவருடைய நடை மாறியதை நான் முதலில் காட்டியது எலும்பு மருத்துவரிடம். எக்ஸ்ரே எடுத்து, முட்டித் தேய்மானம் என்று மாத்திரை கொடுத்தார். மறதியைச் சொன்னது வேறு மருத்துவரிடம். அங்கே வாசலிலேயே சக்கர நாற்காலியில் உட்கார வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், கடிகாரம் வரையுங்கள் என்றார்கள். பெரும்பாலும் சரியாகச் செய்தார். 'வயதுக்கு இது சகஜம்' என்று சொல்லி, அதே நாற்காலியில் வாசலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கட்டடத்துக்குள் அவர் ஓர் அடிகூட நடக்கவில்லை. நடையை ஓர் அறையில் சொன்னேன், மறதியை வேறோர் அறையில் சொன்னேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. நினைவு குறைகிறது என்ற புகாரும் மெதுவான நடையும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அது டிமென்ஷியாவுக்கு முந்தைய எச்சரிக்கை என்று நியூயார்க்கில் ஜோ வெர்கீஸ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2013-லேயே சொல்லி, அதற்குத் தனிப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

இப்படி அலைந்த மூன்றாம் ஆண்டில் ஒரு மருத்துவர் எந்தக் கேள்வியும் கேட்காமல், 'எழுந்து கதவுவரை போய்த் திரும்பி வாருங்கள்' என்றார். கதவருகே திரும்புவதற்கு மட்டும் என் கணவருக்கு எட்டுச் சிறு அடிகள் தேவைப்பட்டன. அந்த எட்டு அடிகளைப் பார்த்துத்தான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். மூளையின் சிறு ரத்தக் குழாய்கள் பழுதாகி, உள்ளே வெண்பகுதி நெடுகச் சேதம். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் அந்தச் சோதனை 1991-இலிருந்து இருக்கிறது. ஒரு நாற்காலியும் கைக்கடிகாரமும் போதும்.

மூளைக்குள் நீர் தேங்குவதால் வரும் மறதி ஒன்று உண்டு, 1965-லேயே விவரித்திருக்கிறார்கள். கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோன்ற நடை, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி என்று மூன்றும் வரும், பெரும்பாலும் நடைதான் முந்திக்கொள்ளும். குழாய் வைத்து நீரை வடித்தால் பலருக்கு நடை தேறுகிறது. பி12 குறைந்தாலும் நடையும் நினைவும் சேர்ந்தே தடுமாறலாம், அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். என் கணவருக்கு இவை இரண்டும் இல்லை. இல்லை என்று தெரிந்துகொள்ளவே எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. வேறு ஒருவர் வீட்டில் இருக்கலாம் அல்லவா?

நடப்பது நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. 2011-இல் 120 முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஓராண்டு முறையாக நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. அவர்கள் டிமென்ஷியா இல்லாதவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024-இல் லான்செட் இதழின் நிபுணர் குழு, டிமென்ஷியாவுக்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று பட்டியலிட்டது. உடலுழைப்பின்மை அவற்றில் ஒன்று. பதினான்கையும் ஒழித்துக்கட்டினாலும் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடியது ஏறக்குறைய 45 சதவீதம்தான். மீதமுள்ள பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் உங்கள் 'நெருங்காது' என்ன சொல்கிறது? உங்கள் இதழ் வந்த மறுநாளே ஓர் உறவினர் தொலைபேசியில் அழைத்து, 'நடுவில் நடப்பதை விட்டுவிட்டாரோ?' என்று கேட்டார். நோயும் போதாதென்று, ஒழுங்காக நடக்கவில்லை என்ற பழியையும் அவர் சுமக்க வேண்டியிருக்கிறது.

இது முதல் முறையும் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தினமும் 10,000 அடி நடந்தே ஆக வேண்டும் என்று எழுதினீர்கள். அந்த எண், 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். மரியாதைக்கு நான் எழுதிய முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் எடுத்து, 'பயனுள்ள கட்டுரை. நன்றி' என்று என் பெயரோடு பிரசுரித்தீர்கள்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. 'நெருங்காது' என்பதை 'நெருங்கும் வாய்ப்புக் குறையலாம்' என்று அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்திப் போடுங்கள். அதன் கீழே, நடையில் மாற்றம் தெரிந்தால் மருத்துவர் முன்னால் நடந்து காட்டுங்கள் என்று ஒரு வரி. காலணிப் படத்தைச் சற்றுச் சுருக்கினால் இடம் இருக்கும்.

இந்தக் கடிதத்தை வெட்டுவது உங்கள் உரிமை. 'பயனுள்ள கட்டுரை' என்று இதில் நான் எங்கும் பாராட்டி எழுதவில்லை என்பதை மட்டும் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
22 ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் ஒரு வாசகி