மொட்டைக்கு, கோலாலம்பூர் செந்தூலிலிருந்து

அன்புள்ள மொட்டை,

நலம். நீயும் பெர்த் குளிரில் நலமாகத்தான் இருப்பாய். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். மரியாதை முடிந்தது.

போன தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல் பதிவுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. குண்டன் மகள் கல்யாணப் படங்களை அனுப்புகிறேன் என்று சொன்னதும் அப்படியே நிற்கிறது. திட்டு. ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு.

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். விடியற்காலை ஐந்தரைக்கு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். கையில் இரண்டு ஊசி குத்தி மிஷினோடு மாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. முதல் மாதம் வெளியே உட்கார்ந்து கொசு அடித்தேன். இரண்டாம் மாதம் பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் தின்று மூன்று கிலோ ஏறினேன். மூன்றாம் மாதம்தான் மகளின் பழைய இயர்போனை எடுத்துக்கொண்டு போனேன். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

உனக்குத் தெரியும், நாம் வருடக்கணக்காக மெட்டல் இசை கேட்டோமே தவிர, ஒரு வரியையாவது ஒழுங்காகப் படித்ததில்லை. கேசட் உறையில் எறும்பு எழுத்தில் இருந்ததைப் படிக்கப் பொறுமை ஏது? சென்ட்ரல் மார்க்கெட் படிக்கட்டில் உட்கார்ந்து தலை ஆட்டினால் போதும் என்றிருந்தோம். நீ மட்டும் ருத்ரா குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது, 1998 என்று நினைவு, சிங்கப்பூர்த் தமிழ்ப் பையன்கள் சமஸ்கிருதம் பாடினால் நமக்கென்ன பெருமை என்று என்னோடு இரண்டு வாரம் பேசாமல் இருந்தாய். அந்தச் சண்டையை நான் இன்னும் விடவில்லை. அவர்களின் 'பிரம்மவித்யா' ஆல்பங்கள் மூன்றையும், 2005, 2009, 2011, வரிசையாக இப்போதுதான் வரிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். வேதாந்தத்தை டெத் மெட்டல் உறுமலில் போட்டால் ஏன் இத்தனை சரியாக உட்காருகிறது தெரியுமா? 'நான் இந்த உடம்பில்லை' என்பதை மெதுவாகச் சொன்னால் பஜனை. அதையே அடித்தொண்டையில் கத்தினால் உண்மையாகவே பயமாக இருக்கிறது. சரி, உன் மொழிச் சண்டையைப் பிறகு பார்க்கலாம். அதில் பாதி நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதமே.

இடையில் கண்டதையெல்லாம் கேட்டேன். செக் நாட்டுக் கல்ட் ஆஃப் ஃபயர் 2013-இல் இந்தித் தலைப்பு வைத்து ஒரு பிளாக் மெட்டல் ஆல்பம் போட்டிருக்கிறார்கள், காளியை முன்னிறுத்தி. நேபாளத்தில் டையிங் அவுட் ஃப்ளேம் என்று ஒன்று, 2014-இல் ருத்ராஷ்டகம் என்ற சிவன் துதியையே தலைப்பாக்கிவிட்டார்கள். நம் தைப்பூசக் காவடியை எந்த ஊர்க்காரன் எப்போது தூக்கிக்கொண்டு போகப் போகிறானோ என்று பொறாமையாக இருந்தது.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை பிரைமார்டியல் என்ற குழுவில் போய் விழுந்தேன். அயர்லாந்து. 2005-இல் வந்த 'தி கேதரிங் வில்டர்னஸ்' ஆல்பத்தில் 'தி காஃபின் ஷிப்ஸ்' என்றொரு பாட்டு. 1845-இல் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்ததே, அதில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். போகிற வழியிலேயே ஏகப்பட்ட பேர் செத்ததால் அந்தக் கப்பல்களுக்குச் சவப்பெட்டிக் கப்பல் என்று பெயர். ஒன்பது நிமிடத்துக்கு மேல் போகிறது. பாடகன் உறுமவில்லை, வாய்விட்டுப் புலம்புகிறான். நம் ஆயாக்கள் வைக்கும் ஒப்பாரிதான், கிட்டார் மட்டும் கூடுதல். எனக்கு நம் ஆட்களை மலாயாவுக்கு ஏற்றி வந்த ரஜூலா கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. தாத்தா பினாங்குத் துறையில் இறங்கிய கதையை எத்தனை தடவை கேட்டிருப்போம்? வாந்தி, பேன், கிருமிநாசினிக் குளியல் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். ஒருவரும் அதைப் பாட்டாக்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை பனாப்டிகான். அமெரிக்கா, ஆஸ்டின் லன் என்று ஒற்றை ஆள், கிட்டத்தட்ட எல்லா வாத்தியமும் அவனே. 2012-இல் 'கென்டக்கி' என்றோர் ஆல்பம். அவர்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியது. பிளாக் மெட்டல் நடுவில் பாஞ்சோவும் ஃபிடிலும் வருகிறது. நீ முகம் சுளிப்பாய் என்று தெரியும், நானும் சுளித்தேன். ஆனால் கேள். தேய்த்துக்கொண்டே போகும் அந்தக் கிட்டாரை வளைந்த குச்சியால் உறுமியைத் தேய்க்கும்போது வருகிற 'ஊம்ம்'மோடு சேர்த்துப் பார். அடிவயிற்றில் அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது.

அந்த ஆல்பத்தில் 'நீ எந்தப் பக்கம்' என்று கேட்கும் ஒரு பழைய பாட்டை அவன் திரும்பப் பாடியிருக்கிறான். மூலத்தை எழுதியவர் ஃப்ளோரன்ஸ் ரீஸ். 1931, கென்டக்கியின் ஹார்லன் கவுன்டி சுரங்க வேலைநிறுத்தம். சங்கத்தில் இருந்த புருஷனைத் தேடி ஷெரிஃபின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த அம்மா சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் இந்தப் பாட்டை எழுதியிருக்கிறார். மெட்டு ஏதோ சர்ச் பாட்டு மெட்டு.

இதை நான் படித்துக்கொண்டிருந்தது அப்பா பக்கத்தில். அன்றைக்கு அவருக்குக் குளிர் நடுக்கம், போர்வை போர்த்திவிட நர்ஸ் என்னை உள்ளே விட்டிருந்தார். அப்பா இயர்போனைக் காட்டி, "என்னடா அது, மரம் அறுக்கிற சத்தமா?" என்றார். சுரங்கத் தொழிலாளி பாட்டுப்பா, ஸ்ட்ரைக் பாட்டு என்றேன். கொஞ்ச நேரம் மிஷினில் ரத்தம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "உங்க தாத்தாவும் ஸ்ட்ரைக்குக்குப் போனவருதான். சைக்கிளுக்காக."

நாற்பத்தொன்பது வயதில் எனக்கு இது புதுச் செய்தி. நான் இந்தச் சைக்கிள் விஷயத்தைக்கூடக் கேட்காமல் மெட்டாலிகா உறுப்பினர்களின் பிறந்த தேதியை மனப்பாடம் செய்து வைத்திருந்தவன்.

1941 கிள்ளான் ரப்பர்த் தோட்ட வேலைநிறுத்தத்தை நீ பாடத்தில் படித்திருப்பாய், சம்பள உயர்வு என்று ஒரு வரியில் போயிருக்கும். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கொடு என்று கேட்டார்கள், உண்மைதான். அதோடு இதையும் கேட்டிருக்கிறார்கள்: வெள்ளைக்காரத் தொரையோ, தோட்டத்துக் கணக்கரான கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். அப்பா சொல்கிறார், "தூரத்துல தொப்பி தெரிஞ்சாலே எறங்கிடணும். எறங்கித் தள்ளிக்கிட்டு ஓரமா நிக்கணும். தொரை போனப்புறம்தான் ஏறணும். பால் வாளி ரெண்டும் கைப்பிடியில தொங்கும், எறங்குனா சிந்தும். சிந்துனா அதுக்கும் திட்டு." கள்ளுக்கடையை மூடு என்பதும் கோரிக்கையில் உண்டு, ஆகவே உன் தாத்தா இதில் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை.

மே மாதம் சங்கத்துக்காரர் ஆர்.எச். நாதனைப் பிடித்தார்கள், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்திவிட்டார்கள். அவரை விடு என்று கேட்டுத் தோட்டம் தோட்டமாக ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டது, ஆட்கள் செத்தார்கள். வந்த பட்டாளத்திலும் இந்தியச் சிப்பாய்கள்தான். தாத்தா அன்றைக்கு எங்கே இருந்தார் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. கேட்டால் தாத்தா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாராம். ஆனால் ஒன்று, சாகும்வரை அவர் யாருக்காகவும் சைக்கிளை விட்டு இறங்கியதில்லை. கோயில் ஊர்வலம் எதிரில் வந்தால்கூடக் காலை ஊன்றிச் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பாராம். அதற்குப் பூசாரியோடு வருடாவருடம் சண்டை. நமக்குத் தெரிந்த தாத்தா வெறும் முரட்டுக் கிழவன், ஞாபகம் இருக்கிறதா? நீதானே அவருக்கு 'ஹேண்டில்பார்' என்று பெயர் வைத்தாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதை நீ பாட்டாக எழுத வேண்டும். தமிழில். நீ பாட்டு எழுதி வைத்த 555 குறிப்புப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, வீடு மாறியபோது கிடைத்தது. ஃபார்ம் ஃபைவில் நீ எழுதிய 'இரத்தச் சந்திரன்' உள்பட. (பயப்படாதே, உன் மனைவிக்கு அனுப்ப மாட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லை.)

நானே எழுதிப் பார்த்தேன். 'இறங்கு என்றான், இறங்கவில்லை' என்று ஆரம்பித்தேன், மூன்றாம் வரியில் தேர்தல் மேடையாகிவிட்டது. ஒன்று கண்டுபிடித்தேன், அது உனக்கு உதவும். உறுமலில் 'ழ' செத்துவிடுகிறது. என்ன செய்தாலும் நாய் கொட்டாவி விடுவது போலத்தான் வருகிறது. க்க, ட்ட, ற்ற எல்லாம் கல் மாதிரி நிற்கிறது. விடிகாலையில் ஆள் கணக்கெடுப்பார்களே, அந்தப் 'பெரட்டு' என்று உறுமிப் பார், ஆளையே தூக்கிப் போடும். கங்காணி, கிராணி, பால் பிடிக்கும் மங்கு, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால், எல்லாமே நமக்காகச் செய்து வைத்த சொற்கள். ஆ, ஊ என்று நீளும் உயிர் எழுத்தில் வரியை முடி. இதையெல்லாம் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் சோதித்துக்கொண்டிருந்தபோது காவலாளி வந்து தட்டி, "ஓக்கே கா பாங்?", சரியாக இருக்கிறீர்களா அண்ணே, என்று மலாயில் கேட்டான். நெஞ்சு வலி என்று நினைத்துவிட்டான் பாவம்.

யார் வாசிப்பது, எங்கே பதிவு செய்வது என்று இப்போதே ஆரம்பிக்காதே. குண்டனின் இரண்டாவது மகன் டிரம்ஸ் அடிக்கிறான், அப்பன் மாதிரி இல்லை, தாளத்தில் நிற்கிறான். கிட்டாருக்கு நான் இருக்கிறேன், விரல் தடித்துவிட்டது, பழக்கிக்கொள்கிறேன். வரிகள் மட்டும்தான் இல்லை. தொரையைத் திட்டி எழுதாதே, அதைத்தான் எல்லாரும் எழுதுவார்கள். பால் வாளி சிந்துவதை எழுது. வாளி, சைக்கிள், தூரத்தில் தொப்பி. அவ்வளவு போதும்.

அப்பாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். "மொட்டையா? அவன் எழுதுவான், ஆனா முடிக்க மாட்டான்" என்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்சம் சீக்கிரம் பார், மொட்டை. போன வாரம் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நாலு தடவை குத்தினார்கள். அவர் வலி என்று சொல்கிற ஆளில்லை, அன்றைக்குச் சொன்னார். தாத்தாவின் சைக்கிள் என்ன நிறம் என்று கேட்டு வைத்திருக்கிறேன். கறுப்பு, ராலே, மணி கிடையாது. இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேள்வியை இந்த வாரமே அனுப்பு.

உள்ளே மிஷின் கூப்பிடுகிறது, இறக்கப் போகிறார்கள் போலிருக்கிறது. நான் போய்ப் பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும், நர்ஸ் பிடித்தால் அவருக்குப் பிடிக்காது.

பேட்டரி