வேன் ஃபிரிட்ஜுக்கு கேஸ் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம். கும்பகோணம் பக்கம் கோயில் கோயிலாகப் போக வேனில் படுக்கை, ஃபிரிட்ஜ் எல்லாம் வைப்பவர்கள், ஃபிரிட்ஜை சிலிண்டர் கேஸை எரித்து ஓட்டுவதா, பேட்டரியில் ஓட்டுவதா என்று கேட்கிறார்கள். தயவுசெய்து பேட்டரிக்கே போங்கள். கேஸ் ஃபிரிட்ஜ் சத்தம் போடாது, கரண்ட் இல்லாமலே பல நாள் ஓடும், சரி; ஆனால் வண்டி சமமாக நிற்க வேண்டும், கொள்ளிடக் கரைச் சரிவில் நிறுத்தினால் ஒழுங்காகக் குளிராது, சித்திரை வெயிலில் இன்னும் திணறும், அப்புறம் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது, கசிகிற கேஸும் காற்றைவிடக் கனம் என்பதால் பிள்ளைகள் படுத்திருக்கும் தரையில்தான் தேங்கும்.

பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் சுமார் 50 வாட். பாதி நேரம் ஓடினாலும் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கும். அம்மாவின் இன்சுலினை நான் அதில்தான் வைக்கிறேன்.

– ஒரு வாசகர், திருவையாறு