ஆய்வுக்கூடத்துக்கு வெளியே எடுத்த தரவு

உளவியல் ஆய்வேடுகளை மதிப்பிடும் குழுவினருக்கு,

வணக்கம். முக நினைவாற்றல் பற்றிய என் ஆய்வேடு உங்களைப் போன்ற ஒரு குழுவிடமிருந்து திரும்பி வந்தது. தரவு இணையவழி திரட்டப்பட்டது என்ற வரிக்கு அடியில் சிவப்புக் கோடு, ஓரத்தில் "கட்டுப்பாடு இல்லை" என்று ஒரு குறிப்பு. எதன் மேல் கட்டுப்பாடு இல்லை என்று எழுதியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நான் பயன்படுத்தியது கேம்பிரிட்ஜ் முக நினைவுத் தேர்வு. டுஷேன், நாகயாமா என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்டது. முடி தெரியாமல் வெட்டிய ஆறு ஆண் முகங்கள். ஒவ்வொன்றும் மூன்று கோணங்களில், கோணத்துக்கு மூன்று விநாடி. அப்புறம் மூன்று முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்பு பார்த்தது எது என்று கேட்கும். மொத்தம் 72 கேள்விகள். கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலே சுமார் 24 சரியாகிவிடும். கடைசி 24 கேள்விகளில் படத்தின் மேல் புள்ளி புள்ளியாகத் தூவியிருப்பார்கள். கண், மூக்கு என்று தனித்தனியாகப் பிடித்து வைத்தவர் அங்கே தடுமாறுவார்.

ஜெர்மைன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் இந்தத் தேர்வையும் வேறு சிலவற்றையும் இணையத்தில் நடத்தி, ஆய்வுக்கூட முடிவுகளோடு ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டார்கள். சராசரி, பரவல், உள் நம்பகத்தன்மை (தேர்வின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது) மூன்றுமே ஏறக்குறைய ஒத்துப்போயின. வந்தவர்கள் காசுக்காக வரவில்லை, தங்கள் மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ள வந்தார்கள். திரையைப் படம் பிடித்து ஏமாற்றினால் ஏமாறுவது யார்? ஆய்வுக்கூடத்திலோ, வருகைப் புள்ளிக்காக வந்த மாணவர் ஒருவர் பாதித் தேர்வில் கொட்டாவி விட்டபடி ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தரவின் மேல் யாரும் கோடு போடவில்லை.

இன்னொன்று. முகங்களைப் புதிதாகக் கற்கும் திறன் 30 வயதைத் தாண்டிய பிறகே உச்சம் தொடுகிறது. பெயர்களுக்கும் தலைகீழ் முகங்களுக்கும் வளர்ச்சி பல ஆண்டுகள் முன்பே நின்றுவிடுகிறது. 2011-இல் வந்த இந்த முடிவுக்குப் பின்னால் இணையத்தில் தேர்வெழுதிய 44,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களை மட்டும் உட்காரவைத்தால் அந்த வளைவின் ஏறுமுகம்தான் கண்ணில் படும்.

இணையத்தை அப்படியே நம்புங்கள் என்று சொல்ல வரவில்லை. முகம் மறக்கிறதே என்ற கவலை உள்ளவர்களே இத்தகைய தேர்வைத் தேடி வருவார்கள். ஆகவே முகம் அறியாக் குறைபாடு (தெரிந்தவர் முகத்தையே அடையாளம் காண முடியாத நிலை) மக்களில் எத்தனை பேருக்கு என்ற கணக்கை அங்கே எடுத்தால் நானே நிராகரிப்பேன். காசு கொடுத்து ஆள் திரட்டினால் நிலைமை வேறு: அவசரம் வந்துவிடும். சில மில்லி விநாடிகளே முகத்தைக் காட்டும் சோதனைக்கு ஆய்வுக்கூடம்தான் சரி, வீட்டுத் திரைகள் ஒவ்வொன்றும் ஒரு வேகம்.

அதனால், கோடு போடும் முன் இவற்றைக் கேளுங்கள்: ஒருவரே இரண்டு முறை எழுதினாரா? கைபேசியா, கணினியா? பாதியில் விலகியவர்கள் யார்? இதே கேள்விகளை ஆய்வுக்கூடத் தரவோடு வருபவரிடமும் கேளுங்கள். என் ஆய்வேட்டில் மூன்றுக்கும் பதில் இருக்கிறது, பின்னிணைப்பில்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி