எண் மட்டும் போதாது, எதை அளப்பது என்றும் சொல்லுங்கள்: ரோபோ அளவு விதிகள் பற்றி ஒரு திறந்த மடல்

பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டியான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சின் விதிநூலை எழுதும் குழுவினருக்கும், போட்டி நாள் காலையில் ரோபோக்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று சோதிக்கும் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்காரும் தன்னார்வலர்களுக்கும், களத்தோரம் நிற்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். பள்ளி மாணவர் அணி ஒன்றுக்கு வழிகாட்டியாக இருந்து இதை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். ரோபோவின் அளவு, நீட்சி பற்றிய விதிகளில் எண்ணைக் கொடுக்கிறீர்கள். அந்த எண்ணை ரோபோ எந்த நிலையில் இருக்கும்போது, எதிலிருந்து எதுவரை, யார் அளப்பது என்பதையும் அதே விதிக்குள் எழுதிவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை இந்த வேலையை நீங்களே அழகாகச் செய்திருக்கிறீர்கள். கணநேரம் என்றால் ஏறத்தாழ 3 விநாடிக்குக் குறைவு. தொடர்ந்து என்றால் ஏறத்தாழ 10 விநாடிக்கு மேல். திரும்பத் திரும்ப என்றால் ஒரே மேட்ச்சில் ஒரு தடவைக்கு மேல். இந்த வரையறைகள் வந்தபிறகு, 'கொஞ்ச நேரம்தானே நின்றோம்' என்று மாணவர்கள் வாதாட வேண்டியதில்லை, நடுவரும் தன் மனசுக்குள் கடிகாரம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இடத்துக்கும் இதே அளவு தெளிவு வேண்டும் என்கிறேன்.

2024-25 சீசனின் 'இன்டு த டீப்' ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கியபடி தொடங்க வேண்டும். ஆட்டம் தொடங்கியபின் கிடைமட்டத்தில் 20-க்கு 42 அங்குலச் செவ்வகத்தைத் தாண்டக் கூடாது. உயரத்துக்கு எல்லை இல்லை. களத்தின் நடுவில் இருந்த சப்மெர்சிபிள் என்ற அமைப்புக்குள் கையை நீட்டித்தான் சாம்பிள்கள் என்ற ஆட்டப் பொருள்களில் பலவற்றை எடுக்க வேண்டும் என்பதால், அந்த 42 அங்குலம்தான் அந்த வருடத்தின் உயிர்நாடி.

புதிதாக வரும் மாணவர்கள் பலர் இந்த 42 என்பதைக் கை நீளக்கூடிய தூரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது ரோபோவின் மொத்த நீளம். அடித்தளம் 18 அங்குலம் என்றால் மிச்சம் 24 தான். பின்பக்கம் வாளி ஒன்று 4 அங்குலம் துருத்திக்கொண்டிருந்தால், முன்பக்கம் 20 தான். இது விதியைப் பொறுமையாகப் படித்தாலே புரியும், இதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் சுழலும் கை வைக்க நினைத்த அணியின் நிலையைப் பாருங்கள். அந்தச் செவ்வகம் ரோபோவின் பக்கங்களுக்கு இணையாக ஒட்டவைத்ததா? இல்லை, ரோபோ முழுக்க உள்ளே அடங்கினால் எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா? இரண்டாவதுதான் சரியான வாசிப்பு என்று நான் நினைக்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஒரு சுவாரசியம் கிடைக்கிறது. 18 அங்குலச் சதுர அடித்தளத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 25.5 அங்குலம். கையை மூலைப்பக்கம் திருப்பி நீட்டினால், கை எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் உடம்பே 20 அங்குல அகலத்தில் அடங்காது. அடித்தளத்தை 14 அங்குலமாகச் சுருக்கினால் மூலைவிட்டம் 19.8. நடுவில் பொருத்திய ஒல்லியான கையை எந்தத் திசையிலும் திருப்பி நீட்டலாம்! முதல் வாசிப்பின்படி போனால், அதே சின்ன ரோபோகூடப் பக்கவாட்டில் மொத்தம் 6 அங்குலம்தான் நீள முடியும்.

ஆக, ஒரே விதியின் இரண்டு வாசிப்புகளிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்ட இரண்டு ரோபோக்கள் பிறக்கின்றன. சீசன் தொடங்குவது செப்டம்பரில். அடித்தளத்தின் அளவை மாணவர்கள் முடிவு செய்வது முதல் சில வாரங்களில். அலுமினியத்தை வெட்டி, மோட்டார்களைப் பூட்டி, நிரல் எழுதி முடித்தபிறகு ஒரு போட்டியில் சரி என்றதை அடுத்த போட்டியில் தப்பு என்றால், அந்தக் குழந்தைகளிடம் சொல்ல எங்களிடம் பதில் இல்லை.

சாய்வு இன்னும் சிக்கலான விஷயம். அதே ஆட்டத்தின் கடைசியில் ரோபோக்கள் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. கீழ்க்கம்பி 20 அங்குல உயரம், மேல்கம்பி 36. தொங்கும் ரோபோ நிமிர்ந்து தொங்குவதில்லை, எடை இருக்கும் பக்கம் சாயும். நேர்மேலே நீட்டிய ஸ்லைடுக்கு, அதாவது நீண்டு சுருங்கும் சட்டத்துக்கு, எல்லை கிடையாது, சரி. ரோபோ 45 டிகிரி சாய்ந்ததும், அதே ஸ்லைடு 40 அங்குலம் இருந்தால், தரையை வைத்துப் பார்க்கும்போது பக்கவாட்டில் 28 அங்குலம் நீண்டு நிற்கிறது. ரோபோவின் உடம்பை வைத்து அளந்தால் மீறல் இல்லை. தரையை வைத்து அளந்தால் மீறலாக ஆகிவிடலாம். ஒரு மோட்டாரும் திரும்பாமலே சட்டப்படி இருந்த ரோபோ சட்டத்துக்கு வெளியே போய்விடுமா?

இதற்கு உங்கள் அமைப்பின் பெரிய போட்டியான ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் காம்பெட்டிஷனிலேயே பதில் இருக்கிறது. அங்கே நீட்சி எல்லை வருடத்துக்கு வருடம் மாறும். ரோபோவின் அடிச்சட்டமான ஃபிரேமுக்கு வெளியே 2019-இல் 30 அங்குலம், 2020-இல் 12, 2023-இல் 48, 2024-இல் மறுபடி 12, 2025-இல் 18. எண் மாறுவதில் எனக்கு வருத்தமே இல்லை, ஆட்டத்துக்கு ஏற்ப மாறத்தான் வேண்டும். அளக்கும் முறையை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. கம்பளத்தை வைத்து அளக்காதீர்கள், ரோபோ சமதளத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டு அளங்கள் என்று அண்மை ஆண்டுகளின் விதிநூல்களில் விளக்கியிருக்கிறார்கள். 2023-இல் சாய்ந்தாடும் சார்ஜ் ஸ்டேஷன் என்ற மேடை மேல் ரோபோக்கள் ஏறி நின்றபோது அந்த விளக்கம் எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாக்கியத்தை ஒவ்வொரு வருட விதிநூலிலும் அளவு விதிக்கு அடியிலேயே போடுங்கள், விதிநூலுக்கு வெளியே இருக்கும் கேள்வி-பதிலில் போய்த் தேடவைக்காதீர்கள்.

2025-26 'டிகோட்' ஆட்டத்தில் கிடைமட்ட எல்லை 18 அங்குலச் சதுரமாகச் சுருங்கியதும் வேறொரு சந்தேகம் முளைத்தது. தொடக்க அளவும் ஆட்ட அளவும் ஒன்றாகிவிட்டால், அசையாமல் நிற்கும் ரோபோவை அளந்து என்ன பயன்? ஆட்டப் பொருளை உள்ளே இழுக்கும் இன்டேக்கில் இருக்கும் ரப்பர் பட்டைகளும் குழாய்களும் நிற்கும்போது தொய்ந்து கிடக்கும். மோட்டார் சுழன்றதும் வெளிப்பக்கம் விறைத்து நீளும். இன்ஸ்பெக்‌ஷன் பெட்டிக்குள் தட்டாமல் முட்டாமல் நுழைந்த ரோபோ, களத்தில் அரை அங்குலம் வெளியே நிற்கும். வளையும் பாகங்களைச் சுழலும்போது அளப்பதா, நிற்கும்போது அளப்பதா? எந்த முடிவானாலும் சரி, அதற்கேற்ப மாணவர்கள் கட்டிக்கொள்வார்கள். கேபிள்களைக் கட்டும் ஜிப் டையின் வால், கேபிள் வளையம் இவற்றைப் பற்றியும் ஒரு வரி இருந்தால் காலை நேரத்துப் பதற்றம் பாதி குறையும்.

நடுவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் வேலை எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத் தெரியும். நான்கு ரோபோக்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. தரை ஓடு ஒவ்வொன்றும் 24 அங்குலம் என்பதால் 42 அங்குலம் என்பது ஒன்றே முக்கால் ஓடு, அது ஓர் அடையாளம். ஆனால் கை தரையோடு ஒட்டி நீள்வதில்லை. இரண்டு அடி உயரத்தில் நீளும் கையைப் பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால், அதன் நுனி உண்மையில் இருப்பதைவிடத் தள்ளித் தெரியும். 41-ஐயும் 43-ஐயும் அந்தத் தூரத்திலிருந்து கண்ணால் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அந்தச் சுமையை உங்கள் மேல் போட்டது நியாயமில்லை.

அதை இறக்கிவைக்க வேண்டிய இடம் இன்ஸ்பெக்‌ஷன் மேசை. ரோபோவை அங்கே முழு நீட்சிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கை போகக்கூடிய மிக மோசமான நிலை எது என்று அணியிடமே கேட்டு, அந்த நிலையில் டேப் வைத்து அளந்து, படிவத்தில் எழுதுங்கள். கூடவே இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: கையைத் தடுத்து நிறுத்துவது போல்ட் அல்லது கயிறு போன்ற இயந்திரத் தடுப்பா, வெறும் நிரலா? இரண்டும் ஒன்றல்ல. ஸ்லைடு பாதி வெளியே இருக்கும்போது மோட்டாரின் சுழற்சியை எண்ணும் என்கோடரைப் பூஜ்யமாக்கிவிட்டால், நிரல் போடும் கணக்கு முழுக்க அந்த அளவுக்குத் தள்ளிப்போய்விடும். கயிறு அப்படி ஏமாறாது. இயந்திரத் தடுப்போடு அளந்து பார்த்த ரோபோவை நடுவர் கண்ணால் சந்தேகிக்க வேண்டியதில்லை, நிரலை மட்டும் நம்பும் ரோபோக்களைக் கவனித்தால் போதும்.

எல்லாவற்றையும் எழுதினால் விதிநூல் தடித்துப்போகும், ஓட்டை தேடுகிறவர்களுக்கு அதுவே வசதியாகும் என்று சொல்வீர்கள். நான் கேட்பது அரைப் பக்கம் எழுத்தும் இரண்டு படங்களும். சாய்ந்த ரோபோ ஒரு படம், கையைத் திருப்பிய ரோபோ ஒரு படம். ஓட்டை பிறப்பது விதி சொல்லாமல் விட்ட இடத்தில்தான் என்பது என் அனுபவம்.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். விதிநூல் சொல்வது எதுவோ அதுவே பொருள், அதற்கு மேல் ஒளிந்திருக்கும் நிபந்தனை எதுவும் கிடையாது, போன வருட விதியை வைத்தோ எழுதியவரின் நோக்கத்தை ஊகித்தோ படிக்காதீர்கள் என்று மாணவர்களுக்கு முகப்பிலேயே வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் படிக்கச் சொல்லித் தருகிறோம். களத்தில் யாராவது 'விதியின் நோக்கம் இதுதான்' என்று தீர்ப்புச் சொல்லும்போது அந்த வாக்கு உடைகிறது. தீர்ப்புச் சொல்லும்போது விதி எண்ணைச் சொல்லுங்கள். நீட்சி பற்றி இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு முடிவு எடுத்தால் அதை எழுதிக் கையில் கொடுங்கள், அணி அடுத்த போட்டிக்கு அந்தத் தாளை எடுத்துவரட்டும். அங்கே இருப்பவர் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் காரணத்தை அதே தாளில் எழுதட்டும்.

அடுத்த விதிநூல் செப்டம்பரில் வெளியாகும்போது அந்த இரண்டு படங்களும் அளவு விதிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரைந்து தர ஆள் வேண்டுமென்றால் எங்கள் மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு மாணவர் அணியின் வழிகாட்டி